ரூத் டீச்சரின் வியாழக்கிழமை

கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைப் பறித்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிற அநியாயம்தான். "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும், போர்ஷன் முடியல" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நாமும் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவோம். ரூத் டீச்சர் அப்படி நாகரிகமாகத் திருடுகிறவர் இல்லை. என் பீரியடோடு சேர்த்து என் மைதானத்தையும் எடுத்துக்கொண்டார். போதாததற்கு என் மானத்தையும்.

நான் ரகுபதி. ஒரகடம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பதினொரு வருடமாக அங்கே ஓர் ஓட்டப்பாதை வைத்திருந்தேன். மூலையில் நிற்கிற வேப்பமரத்துக்காகக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே வளைத்திருந்தேன், ஆனாலும் ஒரு சுற்று இருநூறு மீட்டர். ஒவ்வொரு ஜூன் மாதமும் நானே சுண்ணாம்புக் கோடு போடுவேன். யார் எத்தனை விநாடியில் ஓடினார்கள் என்று தேதி வாரியாக நீலக் கலர் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் பிள்ளைகள் பள்ளியில் ஓடும்போது மாவட்ட அளவில் ஜெயிக்கிற நேரம் வரும். மறைமலை நகர் போட்டிக்கு அழைத்துப் போனால் மட்டும் கடைசிக்கு முந்தி வருவார்கள். பயத்தினால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரூத் டீச்சர் பத்தாம் வகுப்பை ஒரு நாள் என் பீரியடில் வெளியே ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சைக்கிள். சக்கரத்தில் ஒரு இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. விட்டம் அளந்தார்கள், சுற்றளவு போட்டார்கள், பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரிப்பன் எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ணினார்கள். தொண்ணூறு. கவிப்பிரியா என்கிற ஒல்லிப் பெண் என்னிடம் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்: "சார், நூத்தி எம்பத்தேழு மீட்டர்தான் சார் கீது!"

பதினொரு வருட சாதனையும் ஒரே பீரியடில் போயிற்று. வகுப்பே என்னைப் பார்த்தது. ரூத் டீச்சர் மட்டும் வானத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கி அவர் உதடு துடித்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

ரூத் டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் மூன்று வருடம் லைனில் நின்றவர். கம்பெனியை மூடியபோது கையில் கொடுத்ததை வைத்து பி.எட். படித்து, பரீட்சை எழுதி, டீச்சராக வந்தார். வீட்டுக்காரர் ஃபிரடி, புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் டிரைலர் ஓட்டுகிறார். குஜராத் பக்கம் கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வீடு. ஞாயிறு காலை சர்ச்சில் கொயரில் பாடுகிற குரலா வகுப்பில் இப்படி அதட்டுகிறது என்று முதல் தடவை கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அவர் சட்டம் ஒன்றே ஒன்றுதான். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரோட்டில் இருக்க வேண்டும். கணக்கைப் போட்ட பிறகு போய்ப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரிய வேண்டும். எங்கள் பள்ளி கேட்டுக்கு எதிரே கம்பெனி பஸ்கள் நிற்கிற நிறுத்தம். ஒரு கம்பெனியின் பஸ் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று, இன்னொன்று பதினெட்டு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டும் எப்போது சேர்ந்து வரும் என்று கேட்டார். மீ.சி.ம. போட்டு முப்பத்தாறு என்றார்கள். முப்பத்தாறாவது நிமிடம் போய் நின்றார்கள். விடை சரியாக வந்தது. இரண்டு பஸ்ஸும் எதிரும் புதிருமாக நின்று ரோடு கால் மணி நேரம் அடைத்துக்கொண்டது.

முக்கோணவியலுக்கு மெயின் ரோட்டின் குறுக்கே நிற்கிற பெரிய பச்சைப் பலகை. ஸ்ட்ராவையும் பாகைமானியையும் நூலில் கட்டி, அதன் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு டிரைலர்க்காரர் வண்டியை ஓரம் கட்டி, தலைக்கு மேலே பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அதே கருவியால் வண்டியையும் அளந்தார்கள். "தாராளமா போங்கண்ணா, முப்பது சென்டிமீட்டர் மிச்சம் கீது" என்று முப்பத்து நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். போனார். இடிக்கவில்லை. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

இதெல்லாம் எல்லாருக்கும் பிடிக்குமா? பள்ளிக்கு எதிரே ஆறுமுகநயினார் கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், கடலை மிட்டாய், எல்லாவற்றுக்கும் மேலாக கைடு. திருநெல்வேலிக்காரர். மகன் இதே பத்தாம் வகுப்பு. ரூத் டீச்சர் வந்ததிலிருந்து அவர் கடையில் கணக்கு கைடு தூசி பிடித்துக் கிடந்தது.

"சார்வாள், நீங்களே சொல்லுங்க. பிள்ளைய பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனா பஸ்ஸ எண்ணிட்டு நிக்கான். பரிச்சையில பஸ்ஸயா கேப்பான்?" என்று என்னிடம் குமுறினார். மனு ஒன்று தயாராக வைத்திருந்தார். ரிவிஷன் நேரத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கை வேறு ஆசிரியருக்கு மாற்ற வேண்டும் என்று இருந்தது. ஓர் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் கனமாக இருக்கும் என்றார்.

ஒளிக்க என்ன இருக்கிறது, முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். நூற்றி எண்பத்தேழு மீட்டர் என் மனதில் ஆறவே இல்லை.

தலைமை ஆசிரியர் வேதாந்தம் சார் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் மனு என்றால் பயம், ஆய்வு என்றால் அதைவிடப் பயம். பஞ்சாங்கம் மட்டும்தான் அவருக்குத் தைரியம் கொடுக்கும். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவரே நாள், நட்சத்திரம், சூரிய உதயம் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு சொல்லிவிடுவார். ஒருமுறை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த ஒரு தகப்பனாரிடம், "விடிகாலை மூணு மணிக்குப் பொறந்தாளா? அப்போ உம்ம பொண்ணு பொறந்தது செவ்வாய்க்கிழமைதான்யா, புதன் இல்லை. கடிகாரம் பன்னெண்டு அடிச்சா நாள் மாறிடுமா? சூரியன் உதிச்சாத்தான் மாறும்" என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். அந்த ஆள் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

மனுவைப் படித்த வேதாந்தம் சார் ரூத் டீச்சரைக் கூப்பிட்டார். "இதோ பாருங்கோ, பத்தாவதுப் பெற்றோரைக் கூட்டறேன். முப்பத்தி நாலு வீட்டில் பாதிப் பேராவது வந்து, டீச்சரே இருக்கட்டும்னு சொல்லணும். சொன்னா மனுவைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க ஆறாவது எடுங்கோ."

பாதி என்றால் பதினேழு. எங்கள் பெற்றோர் கூட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அதற்கு ஐந்து பேருக்கு மேல் வந்து நான் பார்த்ததில்லை. அப்பா காலை ஏ ஷிஃப்ட், அம்மா மதியம் பி ஷிஃப்ட், சித்தப்பா ராத்திரி சி ஷிஃப்ட் என்று இருக்கிற ஊரில் யார் வருவார்கள்? வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ரூத் டீச்சர் நேரே வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் எழுதினார். 'முப்பத்து நான்கு வீடுகள். எந்த நாள், எத்தனை மணிக்குக் கூட்டம் வைத்தால் அதிகம் பேர் வருவார்கள்?'

"கண்டுபுடிக்கலேன்னா நான் ஆறாவதுக்குப் போறேன், நீங்க கைடுக்குப் போறீங்க. போடுங்க" என்றார்.

அதற்கும் என் பீரியட்தான். இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் யாருக்கு என்ன ஷிஃப்ட், வாரம் ஒருமுறை மாறுமா இரண்டு வாரத்துக்கா, வீக் ஆஃப் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு வந்தது. ஆறுமுகநயினார் கடையில் கிராஃப் தாள் மொத்தமும் வாங்கி, ஒட்டி, தரையில் விரித்துக் கலர் அடித்தார்கள். ஏ ஷிஃப்ட் பச்சை, பி மஞ்சள், சி ஊதா. இரண்டாவது நாள் விடை வந்தது. வியாழக்கிழமை காலை ஏழேகால். சி ஷிஃப்ட்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம், பி ஷிஃப்ட்காரர்கள் வீட்டில் இருக்கிற நேரம், ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் பஸ்ஸுக்காக அங்கேயே வந்து நிற்கிற நேரம். இருபத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் வரலாம். நான் தப்பு கண்டுபிடிக்கத்தான் அந்தத் தாளைப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நோட்டீஸையும் பிள்ளைகளே எழுதினார்கள்: 'வியாழக்கிழமை சி ஷிஃப்ட் முடிந்ததும், பஸ் இறங்கி, காலை ஏழேகால் மணிக்குப் பெற்றோர் கூட்டம்.' வேதாந்தம் சார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தை மாதம், வியாழக்கிழமை, நாள் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ரூத் டீச்சர் வந்து பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டுவிட்டார். நான் கேட்டில் நின்றேன். ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆறுமுகநயினார் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஆறு. ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கண் சிவந்து, ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் டீ குடித்தார்கள், வண்டியை எடுத்தார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. யேசுராஜ் என்று ஒருவர், பத்தாவதில் படிக்கிற ஷெர்லினின் அப்பா, என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

கூப்பிட்டு, "இன்னாப்பா, மீட்டிங் மறந்துட்டியா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏழே முக்கால் வரை பார்த்துவிட்டு வேதாந்தம் சார் பதிவேட்டைத் திறந்து ஆறு பேர் என்று எழுதினார். "டீச்சர் நல்ல டீச்சர்தான். ஆனா என்னத்துக்கு இந்த வேண்டாத வேல" என்று ஆறுமுகநயினார் பேசினார். மற்றவர்கள் பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போனார்கள். ரூத் டீச்சர் துடைத்துப் போட்ட பெஞ்சுகளைத் திரும்ப வரிசையில் தள்ளினார்.

முதல் பீரியடில் பத்தாம் வகுப்பு ஜன்னல் வழியே பார்த்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை டீச்சர் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். "ரோடு தப்புன்னு சொல்லிடுச்சு. எங்க தப்புன்னு கண்டுபுடிங்க" என்றார். பிள்ளைகள் கிராஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிப்பிரியா மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்கப் போனேன். எட்டு மணிக்குக் கபடிப் பயிற்சி. பனி இன்னும் விலகவில்லை. கேட்டுக்கு முன்னால் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பூட்டைத் திறப்பதற்குள் பஸ்கள் வந்தன. இறங்கியவர்கள் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே என்னை நோக்கி வந்தார்கள். முதலில் யேசுராஜ்.

"இன்னா சார், கேட்டை சாத்திகினு கீறீங்க? மீட்டிங் இல்லியா?"

"மீட்டிங் நேத்து முடிஞ்சிடுச்சுப்பா. வியாழக்கிழமைன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே?"

"அதான சார் வந்துகீறோம். நேத்து காத்தால முடிச்சது புதன்கிழமை சி ஷிஃப்ட்டு. வியாழக்கிழமை சி ஷிஃப்ட்டு நேத்து நைட்டு பத்து மணிக்கு ஏறி, இப்பத்தான் எறங்குறோம். வோணும்னா பாரு." போனை எடுத்துக் கம்பெனி வருகைப் பதிவைக் காட்டினார். அதில் வியாழன் என்றுதான் இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பெனியில் ஷிஃப்ட் எந்தக் கிழமை தொடங்குகிறதோ அந்தக் கிழமைக்குத்தான் சொந்தம். மறுநாள் விடிந்து முடிந்தாலும் அது பழைய கிழமைதான். 'வியாழக்கிழமை சி ஷிஃப்ட் முடிந்ததும்' என்றால் இந்த ஊரில் ஷிஃப்ட் பார்க்கிற எவருக்கும் அது வெள்ளிக்கிழமை காலை. பி ஷிஃப்ட்காரர்களும் அப்படியே புரிந்துகொண்டு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். எண்ணினேன். இருபத்து மூன்று பேர்.

முதலில் ரூத் டீச்சருக்குப் போன் போட்டேன். அடுத்து வேதாந்தம் சாருக்கு. "சார், கேட்டுக்கு முன்னாடி கம்பெனி ஆளுங்க கூட்டம் கூடிட்டாங்க. சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முழு விஷயத்தைச் சொன்னால் எட்டே முக்காலுக்குத்தான் வருவார். மறியல் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நெற்றியில் திருமண் காயாமல் ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

அதற்குள் ரூத் டீச்சர் வந்து விஷயத்தைக் கேட்டு, சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். "மூணு வருஷம் சி ஷிஃப்ட் பார்த்தவ சார் நான்! எப்படி மறந்தேன்? எட்டு வருஷம் ஸ்கூல் மணி கேட்டதுல மண்டை மழுங்கிப்போச்சு" என்றார்.

வேதாந்தம் சார் மூச்சு விட்டதும் சட்டம் பேச ஆரம்பித்தார். "அதெல்லாம் முடியாது. நோட்டீஸ் வியாழக்கிழமைக்கு. இன்னிக்கு வெள்ளி. நேத்திக்கே பதிவேட்டில எழுதி மூடியாச்சு."

ராத்திரி முழுக்க விழித்த இருபத்து மூன்று பேர் முணுமுணுத்தார்கள். ரூத் டீச்சர் முகம் ஒரு நிமிடம் வாடியது. அப்புறம் அந்த உதடு துடித்தது. எனக்குப் பழக்கமான துடிப்பு.

"யேசுராஜ், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"ஆறு மணிக்கு டாண்ணு டீச்சர்."

"சார், இன்னிக்குச் சூரிய உதயம் எத்தனை மணிக்கு?"

"ஆறு முப்பத்தஞ்சு" என்று வேதாந்தம் சார் யோசிக்காமல், கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"அப்போ இவங்க ஷிஃப்ட் முடிஞ்சப்போ என்ன கிழமை சார்?"

கூட்டத்தில் பின்னால் ஒருவர் எம்பிப் பார்த்தார். சர்டிபிகேட்டோடு முழித்த அதே தகப்பனார். மூத்த பிள்ளை பத்தாவதில் இருக்கிறது. "சார், நீங்கதானே சொன்னீங்கோ, சூரியன் உதிச்சாத்தான் நாள் மாறும்னு?" என்றார்.

வேதாந்தம் சார் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் ரூத் டீச்சரைப் பார்த்தார். "வியாழக்கிழமைதான்" என்று மெதுவாகச் சொன்னார். "முடிஞ்சதும்னுதான் நோட்டீஸ்ல இருக்கு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். உள்ள வாங்கோ எல்லாரும்."

கூட்டத்தில் எல்லாரும் பாராட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுந்ததும் யேசுராஜ் குறைதான் சொன்னார். "டீச்சர் குடுக்கிற கணக்கால எனுக்குத் தூக்கமே போச்சு சார். கன்வேயர் ஒரு நிமிசத்துக்கு எவ்ளோ தூரம் போவும், வண்டிக்கு வண்டி எவ்ளோ கேப்புன்னு ஷெர்லின் என்னை எழுப்பி எழுப்பிக் கேக்குது." கழுத்து அட்டையைக் கையில் பிடித்தார். "ஆனா ஒண்ணு சார். பத்து வருசமா அந்தக் கம்பெனிக்குப் போறேன். நீ அங்க இன்னாப்பா வேல செய்றேன்னு எம் பொண்ணு கேட்டது இந்த வருசந்தான்."

உட்கார்ந்துவிட்டார். அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

கவிப்பிரியாவின் அம்மா எலக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை. "ஒரு பீஸுக்கு எத்தினி செகண்டு, ஒரு மணிக்கு எத்தினி பீஸுன்னு கேட்டா. சொன்னேன். அப்போ உனுக்கு விகிதம் தெரியும்மான்றா. பத்தாவதுல நான் அந்தக் கணக்குலதான் கோட்டை வுட்டேன் சார்" என்றார். ரூத் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சரே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் வேதாந்தம் சார். இருபத்து மூன்றும் தூக்கின. இருபத்து நான்காவதாக நானும் தூக்கினேன்.

"நீங்க எதுக்கு ரகுபதி?"

"மனுவுல போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கறேன் சார்."

ரூத் டீச்சருக்கு அப்போதுதான் தெரியும், முதல் கையெழுத்து யாருடையது என்று. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். கதவருகே நின்றிருந்த ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமி, "டீச்சர், இந்த கிராஃப் தாளு மாசத்துக்கு எத்தன வேணும்னு சொன்னியள்னா மொத்தமா எடுத்துப் போட்ருவேன்" என்றார்.

வேதாந்தம் சார் மனுவை நாலாகக் கிழித்தார். பதிவேட்டில் ஆறு பேருக்குக் கீழே இருபத்து மூன்று பேரையும் எழுதி, கிழமைக்கு நேரே 'வியாழன்' என்றே போட்டார்.

முதல் மணி அடித்ததும் நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று பத்தாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். எங்கே தப்பு என்று கவிப்பிரியா விளக்கிக்கொண்டிருந்தாள். ரூத் டீச்சர் என்னைக் கண்டதும் பலகையில் அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தார். 'ரகுபதி சாரின் பாதை 187 மீட்டர். வேப்பமரத்தை வெட்டாமல் அதை 200 மீட்டர் ஆக்க, கோட்டை எங்கே நகர்த்த வேண்டும்?'

எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியட் வேணும்" என்றார்.

விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுண்ணாம்பு வாளியை எடுக்கப் போனேன்.